மூட்டையின் மேல் இருபத்தொரு மூலிகைகள்

சென்ற மாதம் தாராபுரம் பக்கம் ஒரு வெண்பன்றிப் பண்ணைக்குப் போயிருந்தபோது, பண்ணைக்காரர் தீவன அறையின் மூலையில் புதிதாக அடுக்கியிருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். “டாக்டருங்க, இதைத் தீவனத்துல கலந்து போட்டா குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறும்னு சொல்லிக் குடுத்தாங்க. போடலாங்களா?” என்று கேட்டார். உறையின் மேல் இருபத்தொரு மூலிகைகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஓமம், மஞ்சள், பூண்டு, வேம்பு, நிலவேம்பு, கீழாநெல்லி, துளசி என்று நமக்குத் தெரிந்த பெயர்கள்தான். எது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. அடியில், ஒரு டன் தீவனத்துக்கு 250 கிராம் கலக்கவும் என்று ஒரு வரி இருந்தது. அடுத்த முறை வரும்போது பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், பன்றிக் குட்டியின் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுக்கொள்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடியோ பல அடுக்குகளாக அமைந்து அந்தப் புரதங்களைத் தடுத்து நிறுத்திவிடுவதால், குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு சீம்பால்தான். அதையும் பிறந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு குடற்சுவர் அந்தப் பெரிய புரதங்களை முழுதாக உள்ளே விடுவதில்லை. குட்டி ஒன்றுக்கு 250 கிராம் அளவில் சீம்பால் கிடைத்தால் நல்லது. ஆனால் ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை கூடுவதற்கேற்பச் சீம்பாலின் அளவு கூடுவதில்லை. எட்டுக் குட்டி போட்ட தாயும் பதினான்கு குட்டி போட்ட தாயும் சுரக்கும் சீம்பால் பெரிதாக வேறுபடாது. எனவே பதினான்கு குட்டிகள் உள்ள ஈற்றில், முதலில் பிறந்து வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் சூடான பெட்டியில் ஒதுக்கி வைத்து, கடைசியாகப் பிறந்த சின்னக் குட்டிகளை மடியில் விடுவது என்ற சின்ன வேலையை நான் எல்லாப் பண்ணைகளிலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் ஈனும் தாய்க்கு அருகில் ஆள் இருக்க வேண்டும் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை. பொட்டலம் வாங்குவது அதைவிட எளிது.

தாயிடமிருந்து வந்த அந்தப் பாதுகாப்பு நாளுக்கு நாள் தேய்ந்து மூன்று, நான்கு வாரங்களில் மெலிந்துவிடும். குட்டியின் சொந்த எதிர்ப்பு அமைப்போ அப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலான பண்ணைகளில் பால் மறக்கடிக்கிறார்கள். ஒரே நாளில் தாயும் போய், பாலும் போய், அதில் வந்துகொண்டிருந்த குடற்காப்புப் புரதமும் போய், தெரியாத குட்டிகளோடு புதுக் கொட்டிலில் சண்டையிட்டுக்கொண்டு, பழக்கமில்லாத உலர்தீவனத்தின் முன் குட்டி நிற்கிறது. முதல் ஓரிரு நாட்கள் பல குட்டிகள் எதையும் தின்பதில்லை. தின்னாத குடலில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் சுருங்கி, குடற்சுவரின் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்கின்றன; அப்போது குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகை ஈகோலை நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைச் சுரக்க, தண்ணீர் போன்ற கழிச்சல் வருகிறது. பண்ணைக்காரர் “எதிர்ப்புச் சக்தி இல்லை” என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வாரங்கள்தான்.

எதிர்ப்புச் சக்தி ஏறுவது என்ற சொற்றொடரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதைப்போல, அதிகம் ஏற்றினால் அதிகம் நல்லது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. உடலின் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்ளும்போது காய்ச்சல் வருகிறது, பசி குறைகிறது, தசை வளர்க்கப் போக வேண்டிய அமினோ அமிலங்கள் எதிர்ப்புப் புரதங்களையும் குடலின் சளிப்படலத்தையும் உண்டாக்கத் திருப்பிவிடப்படுகின்றன. அதாவது எதிர்ப்பு அமைப்பு ஓயாமல் விழித்திருக்கும் பன்றி வளராது. அழுக்கான கொட்டிலில் நோய் எதுவும் வெளிப்படையாகத் தெரியாமலேயே குட்டிகள் எடை போடாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே நமக்கு வேண்டியது தேவைப்படும்போது எழுந்து, வேலை முடிந்ததும் அடங்கும் அமைப்பு. மூலிகைச் சேர்க்கைகள் பயன் தந்ததாகச் சொல்லும் நல்ல ஆய்வுகளைக் கூர்ந்து படித்தால், அவற்றுள் பலவற்றில் நடந்திருப்பது குடலின் அழற்சி தணிந்ததுதான். உறையில் மட்டும் ‘எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்’ என்று அச்சிடுகிறார்கள்.

இந்தப் பொட்டலங்கள் இப்போது இவ்வளவு பெருகியதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பன்றித் தீவனத்தில் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக்கை வளர்ச்சிக்காகவே கலந்து வந்தார்கள். அதை முதலில் நிறுத்திய நாடு சுவீடன், 1986-இல். டென்மார்க் 2000 வாக்கில் முழுதாக நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் தடை செய்தது. டென்மார்க்கில் பால் மறந்த குட்டிகளுக்கு அதை நிறுத்தியவுடன் கழிச்சலும், அதற்கான சிகிச்சை மருந்தும் சில காலம் கூடின என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியைத் துத்தநாக ஆக்சைடு நிரப்பியது. டன்னுக்கு 2,500 கிராம் வரை சேர்த்த அந்தத் துத்தநாகத்தின் பெரும்பகுதி சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் தங்கியதால், 2022 ஜூன் முதல் ஐரோப்பா அதையும் நிறுத்திவிட்டது. இதற்கிடையில் 2015-இல் சீனாவில், கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தையே செயலிழக்கச் செய்யும் மரபணு ஒன்று பன்றிகளிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா 2019-இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. சீனா 2020-இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்திலிருந்து விலக்கியபோது, தன் மரபு மூலிகை மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உலகத்தின் மிகப் பெரிய பன்றி மந்தை இருக்கும் நாட்டில் கதவு இப்படித் திறந்தால் சந்தை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பியர்கள் ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாக அதிகம் ஆராய்ந்த செடி ஆரிகானோ. அதன் எண்ணெயில் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. தைமால் நம் ஊருக்குப் புதிதில்லை: ஓமத்தை விரலிடுக்கில் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் காரநெடிதான் தைமால். தொட்டியில் வளர்க்கிறோமே கற்பூரவல்லி, அதன் இலையிலும் இந்த இரண்டும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஆரிகானோ எண்ணெய்க்குக் கொடுக்கிற விலையைப் பார்க்கும்போது, ஓமத்தண்ணீர் காய்ச்சி வளர்ந்த எனக்குச் சற்று எரிச்சல் வருவது உண்மை.

இப்போது உறையில் இருந்த 250 கிராமைக் கணக்குப் பார்ப்போம். பன்றிக் குட்டிகளில் நடந்த சோதனைகளில் தைமாலும் கார்வக்ராலும் பெரும்பாலும் டன் தீவனத்துக்கு 50 முதல் 200 கிராம் என்ற அளவில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஓம விதையில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி தைமால் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தில் உள்ள 250 கிராமும் ஓமத்தூளாகவே இருந்தாலும் அதில் உள்ள எண்ணெய் 7 அல்லது 8 கிராம், தைமால் 4 கிராமுக்கும் குறைவு. அதுவே இருபத்தொன்றில் ஒரு பங்குதான் ஓமம் என்றால், ஒரு டன் தீவனத்துக்குப் போய்ச் சேரும் தைமால் கால் கிராம்கூடத் தேறாது. உள்ளே இருப்பது தூளாக இல்லாமல் செறிவூட்டிய சாறாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அப்படி இருந்தால் விற்பவர் அதைத்தானே முதலில் பெரிய எழுத்தில் போடுவார். நூறு கிராமை எட்டும் தைமாலை வெறும் ஓமத்தாலேயே தர வேண்டுமானால், டன்னுக்கு 5 முதல் 10 கிலோ ஓமம் தேவை. அது ஒரு பொட்டலத்தில் அடங்காது, தனி மூட்டையாகக் கட்ட வேண்டிய அளவு.

அளவு சரியாக இருந்தாலும் வேறு இரண்டு தடைகள் இருக்கின்றன. ஆய்வகத் தட்டில் ஈகோலையைக் கொல்ல லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தைமால் வேண்டும். தீவனத்தில் நாம் சேர்ப்பதோ கிலோவுக்கு நூறு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். குடலின் பின்பகுதிக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். அதனால்தான் தரமான நிறுவனங்கள் இந்த எண்ணெய்களைக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்து விற்கின்றன. அதனால்தான் தட்டில் நுண்ணுயிர் செத்தது என்ற படத்தைக் காட்டி விற்பவரை நான் நம்புவதில்லை. மற்றொரு தடை, குருணைத் தீவனம் செய்யும் எந்திரம். அதில் 70 டிகிரிக்கு மேல் நீராவி பாயும்போது, எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் ஒரு பகுதி ஆலையிலேயே மணந்து போய்விடுகிறது. தீவன ஆலைக்குள் நுழைந்ததும் ஓம வாசம் தூக்கினால் அது முதலாளி காசு காற்றில் போகும் வாசம்.

அப்படியென்றால் பயனே இல்லையா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். மணம் குட்டியின் உமிழ்நீரையும் செரிமானச் சுரப்பையும் தூண்டுகிறது. குடற்சுவரின் அழற்சி தணிந்து செல் இணைப்புகள் இறுகியதைப் பல சோதனைகள் காட்டுகின்றன. ஒன்றும் மாறவில்லை என்று காட்டிய சோதனைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி: சினைத் தாய் தின்னும் தீவனத்தின் மணம் பனிக்குட நீர் வழியாகவும், பிறகு பால் வழியாகவும் குட்டியை எட்டுகிறது, அந்த மணத்தோடு பிறந்து வளர்ந்த குட்டி, பால் மறந்த நாளில் அதே மணமுள்ள தீவனத்தைத் தயங்காமல் வாய்வைக்கிறது. சோம்பு மணத்தைக் கொண்டு இதைச் சோதித்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் பட்டினிதான் கழிச்சலின் வாசல் என்று மேலே சொன்னேன். அந்தப் பட்டினியை ஒரு மணத்தால் குறைக்க முடியும் என்றால், மருந்தாக வேலை செய்யாவிட்டாலும் ஓமம் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

மற்ற மூலிகைகளைப் பற்றி இவ்வளவு எழுத என்னிடம் விஷயம் இல்லை. மஞ்சளில் அதன் வீரியப் பொருளான குர்குமின் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு. அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும், ஆனால் நாம் குறிவைப்பது குடலை என்பதால் அது பெரிய குறையில்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. மஞ்சளிலிருந்து நிறமும் எண்ணெயும் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் சக்கை மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் பார்வைக்கு மஞ்சள்தான். அதைவிட மோசம், நிறம் கூட்ட ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயம் கலக்கும் பழக்கம். தூளாக வாங்கினால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, ஆகவே மெருகேற்றாத கிழங்காக வாங்கி நம் கண்முன்னே அரைப்பது நல்லது. பூண்டின் வீரியப் பொருள் பல்லை நசுக்கும்போதுதான் உண்டாகிறது. வேகவைத்துவிட்டு நசுக்கினால் நெடி வராது, வேலையும் நடக்காது.

வேம்பைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், புழுவுக்கும் எதிர்ப்புக்கும் நல்லது என்று நம்பி, பால் மறந்த குட்டிகளுக்கு உலர்ந்த வேப்பிலைத் தூளைத் தீவனத்தில் கலக்கச் சொன்னேன். பன்றியின் நாக்கில் சுவை மொட்டுகள் நம்மைவிட அதிகம் என்று கல்லூரியில் படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. மூன்று நாட்கள் குட்டிகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. நான்காம் நாள் பண்ணைக்கார அம்மா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அந்த ஈற்றில் இழந்த எடையை அவை விற்பனைவரை ஈடுகட்டவில்லை. நிலவேம்புக்கும் இதே கசப்புச் சிக்கல் உண்டு.

ஓட்டல் கழிவை நம்பி நடக்கும் பண்ணைகளில் இந்தப் பொட்டலங்களை விற்பதைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. சாம்பாரிலும் ரசத்திலும் குருமாவிலும் மஞ்சள், பூண்டு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நம் ஊர்ப் பன்றிகள் எந்த ஐரோப்பியப் பன்றியையும்விட அதிக மூலிகை தின்று வளர்ந்தவை. கூடவே உப்பும் வருகிறது. தண்ணீர்த் தொட்டி காய்ந்திருக்கும் நாளில் அந்த உப்பே நரம்பைத் தாக்கிக் குட்டிகளை வலிப்பில் தள்ளும். அதை நோய் என்று எண்ணி எதிர்ப்புச் சக்திக்கு மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு.

எதிர்ப்பு அமைப்பை நேராகவே ஒடுக்கும் ஒன்று பல பண்ணைகளின் தீவன அறையில் பொட்டலத்துக்குப் பக்கத்து மூட்டையிலேயே இருக்கிறது. ஈரம் முழுதாகப் போகாமல் கட்டிய மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும்போது, கல்லீரலோடு எதிர்ப்புச் செல்களும் அடிபடுகின்றன. போட்ட தடுப்பூசிகூட முழுப் பலன் தராமல் போகும். சோளத்தை 12, 13 சதவீத ஈரத்துக்குக் கீழ் உலர்த்திய பிறகு கட்டுவதும், மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்குவதும் இருபத்தொரு மூலிகைகளைவிட அதிகம் செய்யும். தாராபுரம் பண்ணையில் பொட்டலங்கள் பத்திரமாக அலமாரியில் இருந்தன. புண்ணாக்கு மூட்டை ஒழுகும் சுவரில் சாய்ந்திருந்தது.

பன்றிக் காய்ச்சல்களைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே சொல்வதற்குக் குழப்பம் ஏதும் இல்லை. மரபான பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. போட வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப் பன்றிகளிலும் அந்த வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. அது மனிதரைத் தொற்றாது. பன்றிக்கு அதற்குச் சிகிச்சை கிடையாது, மூலிகை எதுவும் அதைத் தடுக்காது. ஓட்டல் கழிவில் ஒரு துண்டுப் பன்றியிறைச்சி வந்தாலே போதும் என்பதால், கழிவை 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே கொதிக்க வைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வியாபாரியின் வண்டியும் செருப்பும் கொட்டில் வரை வரக்கூடாது. எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் அண்டாது என்று யாராவது சொன்னால், அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

நம் மரபு மருத்துவத்தின் மேல் எனக்கு இளப்பம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் முறை இன்று நாடு முழுவதும் பயன்படுகிறது, நானே பரிந்துரைக்கிறேன். அதில் எது எத்தனை கிராம், ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாள் என்பது எல்லோருக்கும் தெரியும்படி சொல்லப்பட்டிருக்கிறது. பன்றித் தீவனப் பொட்டலத்திடமும் நான் கேட்பது அந்த நேர்மையைத்தான்.

போன வாரம் மீண்டும் தாராபுரம் போய் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க டாக்டர், அப்ப என்னதான் பண்ணட்டும்?” என்றார். 28 நாளில் பால் மறக்கடிப்பதை 35 நாளுக்குத் தள்ளிப்போடச் சொன்னேன்; வயது கூடிய குட்டியின் குடல் அந்த மாற்றத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். தாயின் அடுத்த ஈற்று சற்றுத் தள்ளிப்போகுமே என்று கணக்குப் போட்டுத் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். ஓமத்தையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பாதித் தாய்களுக்கு மட்டும் டன்னுக்கு 10 கிலோ கணக்கில் அரைத்த ஓமம். அவற்றின் குட்டிகளுக்கும் பால் மறந்த பிறகு அதே தீவனம். மற்றப் பாதிக்கு வழக்கமான தீவனம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கொட்டில், ஒரே ஆள், ஒரே தண்ணீர். பால் மறக்கும் நாளிலும் அதிலிருந்து பதினான்காம் நாளிலும் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுத வேண்டும். தினமும் காலையில் எந்தக் குட்டியின் பின்பக்கம் நனைந்திருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். எட்டுத் தாய்களை வைத்துப் பெரிய உண்மை எதையும் நிலைநாட்ட முடியாது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டேன்; ஆனாலும் அவருடைய கொட்டிலில், அவருடைய தண்ணீரில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவரும்.

கார்த்திகைக் கடைசியில் முதல் தாய் ஈனும். ஓமம் வாங்கியாகிவிட்டது, புண்ணாக்கு மூட்டை சுவரைவிட்டு நகர்ந்திருக்கிறது. நேற்றிரவு அவர் அனுப்பிய படத்தில், தீவன அறை உத்தரத்திலிருந்து ஒரு புதுத் தொங்கு தராசு தொங்குகிறது. அதன் கொக்கியில், சரிபார்ப்பதற்காக, அந்த மூலிகைப் பொட்டலங்களை ஒரு பையில் போட்டு மாட்டியிருக்கிறார்.